அந்தமான் ஒலிப்பலகையும் மந்தர நாதத்தின் தனி முத்திரையும்

பெரிய அந்தமான் தீவுகளில் வாழ்ந்த பழங்குடி மக்கள் இரவு நடனம் நிகழ்த்துங்காலத்தில், துப்புரவு செய்யப்பட்ட ஆடுகளத்தின் ஒரு கோடியில் ஒருவர் தனித்து நிற்பது வழக்கம். அவருடைய காலடியில் கேடயத்தின் வடிவமுடைய மரப்பலகை ஒன்று கிடக்கும். அது ஏறத்தாழ 5 அடி நீளமும் 2 அடி அகலமும் உடையது. அதன் குவிந்த முதுகு மேல்நோக்கியும், குடைந்த வயிறு மண்ணை நோக்கியும் இருக்கும்; ஒரு முனை தரையிற் பதிந்திருக்கும். நிற்பவர் பாட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே குதிகாலினால் பலகையை மிதித்துத் தாளம் இடுவார். பெண்கள் கால்களை நீட்டி வரிசையாக அமர்ந்து, உள்ளங்கையால் தொடையைத் தட்டிப் பல்லவியைத் திரும்பப் பாடுவர். ஆடவர் ஆடுவர். குரல்களுக்கும் கைத்தட்டலுக்கும் அடியில், தரையிலிருந்தே எழுவது போன்று, பலகையின் கனத்த நாதம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்.

தென் அந்தமானில் ‘பூக்குட்டா யெம்ங்கா’ எனப் பெயர் வழங்கிய இப்பலகையை முதன்முதலில் விரிவாக வருணித்தவர் அங்கு அதிகாரியாகப் பணியாற்றிய எட்வர்ட் ஹொரேஸ் மான் ஆவார். 1883ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ஆராய்ச்சியில், இம்மக்களிடம் இருந்த ஒரே இசைக்கருவி இதுவே எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. 1888இல் எம்.வி. போர்ட்மன் என்னும் மற்றோர் அதிகாரி அந்தமானியரின் இசையைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதிச் சில பாடல்களை ஐரோப்பிய சுரக்குறிப்பில் தந்தார். 1906 முதல் 1908 வரை தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலறிஞர் ராட்கிளிஃப்-பிரௌன், 1922இல் வெளியிட்ட நூலில் இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்கிறார்: அந்தமானியருள் ஒவ்வொரு ஆடவனும் தனக்கெனப் பாட்டுக் கட்டுவான், பிறர் கட்டிய பாட்டை எவனும் நடனத்தில் பாடமாட்டான். ஓடம் குடையும்போதோ, வில் செதுக்கும்போதோ, துடுப்பு வலிக்கும்போதோ அவன் தன் பாட்டை மெல்ல முணுமுணுத்துச் செப்பனிட்டு, அடுத்த நடனத்தில் அரங்கேற்றுவான்.

பாட்டு அவனுடையது என்பது தெளிவு. பலகையோ பொதுவானது. அதற்குத் தந்தியில்லை, தோலில்லை, சுருதி கூட்டும் முடுக்காணியும் இல்லை. ஓர் அடி, அதற்குப் பின் மற்றோர் அடி, இவ்வளவே. இத்தகைய எளிய மந்தரக் கருவியில் மிதிப்பவனின் தனித்தன்மை எங்ஙனம் இடம்பெற முடியும்? இன்றைய மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவரைக் குறித்தும், நம் மிருதங்க வித்துவானின் தொப்பியைக் குறித்தும் இரசிகர்கள் எழுப்பும் கேள்வியும் இதுவேயாகும். இரண்டு சுரங்களைக் கேட்டமாத்திரத்தில் “இது இன்னார் வாசிப்பு” என்று அவர்கள் சொல்லிவிடுகின்றனர். அங்ஙனம் சொல்லவைப்பது மரமா, கம்பியா, கையா?

மரத்தின் பங்கு

மரத்திலிருந்தே தொடங்குவோம். ஒலிப்பலகை செய்யப்பட்ட மரம் அந்தமான் படாக். இன்று அந்தமான் நிக்கோபார் ஆட்சிப் பகுதியின் மரமாக அறிவிக்கப்பட்டுள்ள இது, நம் மலைக்காடுகளின் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உடன்பிறப்பு. செந்நிற வைரமுடையது, தண்ணீரின் அடர்த்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு அடர்த்தி கொண்டது. 1883இல் நிறுவப்பெற்ற சாத்தம் மர அறுவை ஆலையிலிருந்து இம்மரம் கப்பலேறிப் பல நாடுகளுக்குச் சென்றிருக்கிறது. இப்பேரினத்து மரங்களுக்கு ஒலியியலார் மதிக்கும் குணம் ஒன்று உண்டு: தட்டினால் எழும் அதிர்வை அவை தமக்குள்ளேயே விரைவில் விழுங்கிவிடுவதில்லை. மேனாட்டு மரச்சுரமண்டலங்களின் கட்டைகளுக்கு ஆப்பிரிக்கப் படாக் பயன்படுவது இதனாலேயே.

பலகையைக் குடைந்து கவிழ்த்து வைப்பதிலும் ஒரு பௌதிக நுட்பம் அடங்கியிருக்கிறது. வினாடிக்கு 100 அதிர்வுகள் உடைய ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 3.4 மீட்டர். பலகையின் நீளமோ ஒன்றரை மீட்டர். அலைநீளத்தினும் சிறியதான தட்டை ஒன்றை வெறும் காற்றில் தொங்கவிட்டு அதிரச் செய்தால், அதன் முன்பக்கம் காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்பக்கம் காற்றைத் தளர்த்தும். நெருக்கமும் தளர்ச்சியும் விளிம்பைச் சுற்றி ஓடி ஒன்றையொன்று அழித்துவிடும். மந்தர ஒலி வெளியேறாது. பின்பக்கத்தை மண்ணால் அடைத்துவிட்டாலோ இந்த அழிவு குறைகிறது. ஒலிபெருக்கியின் கூம்பைப் பெட்டிக்குள் அடைத்து வைப்பதற்கும் இதுவே காரணம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில், ஈரமண்ணும் உலர்மண்ணும் ஒரே பலகைக்கு வேறு வேறு அடித்தளமாக அமையும் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆகவே மரத்துக்கும் மண்ணுக்கும் பங்கு உண்டு. எனினும் அவை பலகையின் குரலை நிர்ணயிக்கின்றனவேயன்றி, மிதிப்பவரின் குரலை அல்ல. ஆள் மாறினும் மரம் மாறுவதில்லை.

குதிகாலின் பங்கு

ஒரு பொருளைத் தட்டும்போது, தட்டும் உறுப்பு அதன்மேல் எவ்வளவு நேரம் பொருந்தியிருக்கிறது என்பதே நாதத்தின் தன்மையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. குதிகாலின் தசைத்திண்டு பலகையுடன் ஒரு வினாடியின் நூற்றிலொரு பங்கு நேரம் பொருந்தியிருப்பதாகக் கொள்வோம். அந்த அடியிலிருந்து, வினாடிக்கு 150 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகளுக்குக் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. பொருந்தும் நேரம் அதிற் பாதியானால் எல்லை இருமடங்கு உயரும். நாதம் தெளிவும் கூர்மையும் பெறும். மென்மையான குதிகால் ஆழ்ந்த, மழுங்கிய ஒலியைத் தரும்; வெறுங்காலில் நடந்து காய்த்த குதிகால் எடுப்பான ஒலியைத் தரும். மேலும், வேகமாக மிதிக்குந்தோறும் தசை இறுகிப் பொருந்தும் நேரம் குறைவதால், ஓங்கி அடித்த அடி உரத்து ஒலிப்பதுடன் நிறத்திலும் வேறுபடும். பியானோவின் சுத்தியல்களில் கம்பளித் திண்டு வைப்பதன் விளைவை 1863இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கியதும் இந்த முறையிலேயே.

அடி விழும் இடமும் முக்கியமானது. பலகை ஒரே விதமாக அதிர்வதில்லை. நடு வளைந்து ஒரு விதமாகவும், இரு பகுதியாகப் பிரிந்து மற்றொரு விதமாகவும், இன்னும் பல விதமாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. ஒரு வித அதிர்வில் அசையாமல் நிற்கும் கோட்டின்மேல் அடி விழுந்தால், அந்த அதிர்வு எழுவதேயில்லை. எனவே இரண்டு விரற்கடை தள்ளி மிதிப்பவனின் நாதம் வேறு.

மூன்றாவதாக, மிதித்த கால் என்ன செய்கிறது என்பது. உடனே எழும்பினால் பலகை சற்று முழங்கி ஓயும். அழுந்தி நின்றால் நாதம் அங்கேயே அடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் உடல் எடை, கால் நீளம், குதிகாலின் உருவம், அடிக்கும் பழக்கம் ஆகியவை வேறு. இவை எல்லாம் சேர்ந்து, எழுத்தறியாத மனிதனும் இடும் கையொப்பம் போன்று, ஒவ்வோர் அடியிலும் பதிகின்றன.

காதின் விந்தை

இங்கே ஓர் ஐயம் எழலாம். மந்தர ஒலியில் நம் காது மிகவும் மந்தமானது. வினாடிக்கு 40 அதிர்வுகள் உள்ள ஒலி காதுக்கு எட்டவேண்டுமாயின், அது 1,000 அதிர்வுகள் உள்ள ஒலியைவிட ஏறத்தாழ 50 டெசிபல் மிகுதியாக இருத்தல் வேண்டும். அப்படியிருக்க, நுண்ணிய வேறுபாடுகளைக் காது அங்கே எப்படிப் பிரித்தறிகிறது?

விடை விந்தையானது. தாழ்ந்த சுரத்தைக் கேட்பதாக நாம் எண்ணும்போது, பெரும்பாலும் அதன் மேற்சுரங்களையே கேட்கிறோம். 1841இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஸீபெக், துளையிட்ட தட்டைச் சுழற்றிக் காற்றை ஊதி ஒலியெழுப்பும் கருவியைக்கொண்டு ஆராய்ந்து, ஆதார சுரம் மிகவும் நலிந்திருந்தாலும் காது அதே சுருதியை உணர்கிறது எனக் கண்டார். ஹாலந்து நாட்டின் ஷௌட்டன் சுமார் 1940இல் இதனை மேலும் உறுதிப்படுத்தினார். கையடக்கத் தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கி 41 அதிர்வுகளை எழுப்ப வல்லதன்று. எனினும் அதில் திரைப்பாடலைக் கேட்கும் சிறுவன் பேஸ் கிட்டாரின் நடையைத் தவறாமல் முணுமுணுக்கிறான். 123, 164, 206 என வரிசையாக வரும் மேற்சுரங்களின் இடைவெளியிலிருந்து அவனுடைய காதும் மூளையும் இல்லாத 41ஐக் கட்டிக்கொள்கின்றன.

இதன் விளைவு யாது? மந்தரக் கருவியில் ஆதார சுரம் எல்லாருக்கும் பொது. அது யார் வாசித்தாலும் ஒன்றே. கேட்பவரின் காதுக்கு எட்டுவதோ மேற்சுரங்களின் கலவை. அக்கலவையை அமைப்பது விரலும் குதிகாலும். எனவே, மந்தர நாதம் மழுங்கலானது, அதில் ஆளுக்கு ஆள் வேற்றுமை தெரியாது என்னும் பொதுக்கருத்து பிழையானது.

சுரத்தின் தொடக்கமும் கவனத்துக்குரியது. 1964இல் கென்னத் பெர்கர் என்பவர், காற்றுக்கருவிகளின் ஒலிப்பதிவிலிருந்து ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் நீக்கிவிட்டு இசை பயின்றவர்களிடமே கேட்கச்செய்தார். நன்கு பழகிய கருவிகளையும் அவர்கள் தவறாக இனங்கண்டனர். சுரம் பிறக்கும் அந்தச் சிறு கணத்திலேயே அதன் அடையாளத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

நான்கு தந்திகளும் ஒரு விரலும்

1951இல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் பேஸ் கிட்டாரில் நான்கு தடித்த தந்திகள் உண்டு. திறந்த நிலையில் அவற்றின் அதிர்வெண்கள் முறையே 41, 55, 73, 98. ஒரே ஆலையில், ஒரே அச்சில் செய்யப்பட்ட கருவிகள் ஆயிரக்கணக்கானோர் கைக்குச் சென்றன. ஆயினும் டெட்ராயிட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சனின் ஒலி வேறெவருக்கும் வாய்க்கவில்லை. அவர் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். அவ்விரலுக்குச் சக கலைஞர்கள் ‘கொக்கி’ என்றே பெயரிட்டனர். தந்திகளை அவர் மாற்றுவதேயில்லை. பழகி அழுக்கேறிய தந்தி உயர்ந்த மேற்சுரங்களை இழந்துவிடும். பாலத்தருகே வைத்த நுரைத்திண்டும் நாதத்தை விரைவில் ஒடுக்கும். விளைவு, திரண்டு உருண்ட, குறுகிய நாதம்.

ஜாக்கோ பாஸ்டோரியஸ் இதற்கு நேர்மாறு. அவர் மெட்டுக்கட்டைகள் இல்லாத கிட்டாரில், தந்தியைப் பாலத்துக்கு அருகில் மீட்டினார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தை அசையாப் புள்ளியாக உடைய மேற்சுரங்கள் எழுவதில்லை என 1800இல் தாமஸ் யங் கண்ட விதியை இங்கே பொருத்திப் பார்க்கலாம். தந்தியின் நாலிலொரு பங்கில் மீட்டினால் நான்காம், எட்டாம் மேற்சுரங்கள் மறையும். பாலத்தை நெருங்க நெருங்க முதலில் மறையும் மேற்சுரம் மேலே மேலே நகர்வதால், உயர்ந்த மேற்சுரங்கள் ஆதார சுரத்துக்கு ஈடாக வலுப்பெற்று ஒலி மூக்கால் பாடுவது போன்ற கூர்மை பெறும். மெட்டுக்கட்டை இல்லாமையால் இடக்கை விரலின் சதையே தந்தியின் முடிவாகிறது. விரலின் சிறு அசைவும் சுருதியில் ஒலிக்கும்.

கருவி செய்வோர் அரிய மரங்களைப் பெரிதும் புகழ்ந்து விலை கூறுவதுண்டு; படாக் இனமும் அவற்றுள் ஒன்று. ஆனால் திண்ணிய உடலும் காந்தச் சுருளும் கொண்ட மின் கிட்டாரில் மரத்தின் பங்கு விரலின் பங்குக்கு ஈடாகாது. மரமே ஒலிக்கும் உறுப்பாக உள்ள அந்தமான் பலகையின் நிலை வேறு.

தொப்பியும் உள்ளங்கையும்

நம் நாட்டில் இவ்வுண்மைக்கு மிருதங்கத்தைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. போர்ட்மனின் கட்டுரை வெளிவந்த அதே 1888ஆம் ஆண்டில் பிறந்த சர் சி.வி. ராமன், 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பில், மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கருஞ்சாதம் தோலின் தாறுமாறான அதிர்வுகளை ஒழுங்கான மேற்சுரங்களாக மாற்றுவதை எடுத்துக்காட்டினார். 1934இல் அதனை விரிவாகவும் ஆராய்ந்தார். தந்தி வாத்தியங்களையும் அவர் விடவில்லை. தம்பூராவின் அகன்ற, வளைந்த பாலமும் அதன்மேல் வைக்கும் ஜீவாளி நூலும் யங்கின் விதியையே மீறி, மறையவேண்டிய மேற்சுரங்களையும் ஒலிக்கச் செய்கின்றன என 1921இல் அவர் வெளியிட்டார்.

இடந்தலையாகிய தொப்பியின் நடுவில், ரவையை நீரில் பிசைந்து கச்சேரிக்குக் கச்சேரி புதிதாக அப்புவர். அப்பும் அளவுக்கேற்பச் சுருதி இறங்கும். ஆனால் நாதத்தை வாழவைப்பது உள்ளங்கையின் அடிப்பகுதி. விரல்கள் அடித்தபின் அப்பகுதி தோலை அழுத்தி நகரும்போது, தோலின் இழுவிசை கூடிச் சுருதி வழுக்கி ஏறுகிறது. இதுவே கும்கி. எவ்வளவு அழுத்துவது, எப்போது தொடங்குவது, எவ்வளவு விரைவில் விடுவது என்பன எந்தப் பாடாந்தரத்தும் எழுத்தில் இல்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலின் பிறர் இடக்கையால் வாசிக்கும் தொப்பியை அவர் வலக்கையால் வாசித்தார். அவருடைய தொப்பி நாதத்தை இரசிகர்கள் இன்றும் தனித்துச் சொல்லிப் போற்றுகின்றனர். அவர் காலத்தவரான பாலக்காடு மணி ஐயர் (1912–1981) கச்சேரிகள் ஒலிபெருக்கியின்றி நடைபெறவேண்டும் என வற்புறுத்தியவர். இது வெறும் பிடிவாதம் அன்று. திசை நோக்கும் ஒலிவாங்கியை அருகில் வைத்தால் அது மந்தர ஒலியை இயல்புக்கு மேல் பெருக்கிவிடும். கலைஞனின் கை அளந்து இட்ட கனத்தைக் கருவி தன் விருப்பப்படி மாற்றிவிடும்.

குதிகாலும், உள்ளங்கையின் அடியும். அந்தமானின் காட்டிலும் காவிரிக்கரையிலும் மந்தர நாதத்தை ஆள மனிதன் தேர்ந்துகொண்டவை உடலின் தடித்த, மெத்தென்ற இவ்விரண்டு பகுதிகளே. விரல்நுனியைவிட இவை நெடுநேரம் பொருந்தி, மேற்சுரங்களை அடக்கி, ஆழத்தை எழுப்புகின்றன.

எஞ்சியவை

1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டபின் நோய்களால் பெரிய அந்தமானியரின் தொகை வேகமாகக் குறைந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். 1970ஐ ஒட்டி எஞ்சியோர் ஸ்ட்ரெயிட் தீவில் குடியேற்றப்பட்டனர். ஒவ்வொருவனும் தன் பாட்டைத் தானே பாடவேண்டும் என்ற மரபில், ஆள் மறைந்தால் பாட்டைப் பாடும் உரிமையுடையவரும் இல்லாமற் போகிறார்.

ஒலிப்பலகைகள் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றின் நீளத்தையும் அகலத்தையும் இன்றும் அளக்கலாம். படாக் மரத்தில் புதிதாக ஒன்று செய்து, ஈரமண்ணில் கவிழ்த்து, அதிர்வெண்ணைக் கருவிகொண்டு குறிக்கலாம். பலகையின் குரல் அவ்வாறு திரும்பக் கிடைக்கும். மிதித்தவர்களின் குரலோ போர்ட்மனின் சுரக்குறிப்பில் அடங்கவில்லை. குதிகால் பொருந்திய நேரத்தையும் அழுத்தத்தையும் காட்ட அதில் குறியீடு இல்லை. அக்காலத்து ஒலிப்பதிவு யந்திரமும் இதற்கு உதவியிராது. 1925இல் மின்முறைப் பதிவு வருவதற்கு முன், கூம்புக் குழாயின் வழியாகப் பதிவு செய்த சாதனங்கள் மந்தர ஒலிகளைப் பெரும்பாலும் பிடிக்கவில்லை. ஐரோப்பிய ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே பெரிய பேஸ் வயலினுக்குப் பதிலாக டியூபா என்னும் ஊதுகருவியை வைத்துச் சமாளித்தனர்.

போ மொழியின் கடைசிப் பேச்சாளராகிய போவா மூதாட்டி 2010 ஜனவரி 26ஆம் நாள் காலமானார். அவர் பேசியதையும் பாடியதையும் மொழியியலறிஞர் அன்விதா அப்பி அதற்கு முன்பே பதிவு செய்திருந்தார். அப்பதிவுகளில் அவருடைய குரல் தெளிவாகக் கேட்கிறது.